கரிசலுக்கு ஒரு சாறு, மலை மண்ணுக்கு ஒரு சாறு: மணிச்சத்து அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

மண் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பி.எச்., உப்பின் நிலை இரண்டையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவார்கள். கருவியின் முனையை மண் கரைசலில் விட்டால் எண் வந்துவிடும். தடுமாற்றம் தொடங்குவது மணிச்சத்தில்தான், அதாவது பாஸ்பரஸில். நானும் அங்கேதான் தடுமாறினேன். அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

பழைய வீடுகளில் நெற்குதிர் பார்த்திருப்பீர்கள். உள்ளே மூட்டை மூட்டையாக நெல் இருக்கும். எடுப்பதற்கு அடியில் ஒரு சின்னத் துவாரம்தான். மணிச்சத்தும் அப்படித்தான். ஓர் எக்டேரின் மேல்மண்ணில் மொத்த மணிச்சத்து பல நூறு கிலோ இருக்கும், சில மண்ணில் ஆயிரத்தைத் தாண்டும். சுண்ணாம்போடும் இரும்போடும் அலுமினியத்தோடும் அது இறுகிக் கிடப்பதால் பயிருக்குக் கிட்டுவது அதில் சிறு பங்குதான். கூடத்தில் நாம் அளப்பது குதிரின் நெல்லை அல்ல, துவாரம் வழியாக எவ்வளவு கொட்டும் என்பதை. வேரின் இடத்தில் ஒரு கரைசலை வைத்து மண்ணைக் குலுக்கி, கரைந்து வருவதை எடைபோடுகிறோம். கரைசலை மாற்றினால் எண்ணும் மாறும். ஆகவே 'இந்த மண்ணில் மணிச்சத்து 14' என்பது பாதிச் சேதிதான். 'ஓல்சன் முறையில் 14' என்றால்தான் அதற்குப் பொருள் உண்டு.

எந்த மண்ணுக்கு எந்தக் கரைசல்

இதற்கு விடை பி.எச். பதிவேட்டில் இருக்கிறது. மணிச்சத்துக்கு மண்ணை நிறுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் என்றால் பி.எச். பெரும்பாலும் 8-க்கு மேல் நிற்கும். கையில் எடுத்தாலே சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் துணுக்குகள் தட்டுப்படும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். இங்கே மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து கிடக்கிறது. இதற்கானது ஓல்சன் முறை: 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட், பி.எச். 8.5. அமெரிக்காவின் கொலராடோவில் சுண்ணாம்பு மண்ணுக்காகவே உருவாக்கி 1954-இல் வெளியிட்டார்கள். பைகார்பனேட் கரைசல், கரைந்திருக்கும் கால்சியத்தைக் கார்பனேட்டாகப் படியவைத்துவிடுகிறது. கால்சியத்தோடு ஒட்டியிருந்த பாஸ்பேட் அதனால் விடுபடுகிறது.

நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மண்ணில் கதை தலைகீழ். பி.எச். 5-ஐ ஒட்டியே நிற்கும். மணிச்சத்தைப் பிடித்துவைத்திருப்பது இரும்பும் அலுமினியமும். அங்கே பிரே-1: 0.03 நார்மல் அம்மோனியம் ஃபுளோரைடு, 0.025 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இல்லினாய்ஸில் பிரேயும் கர்ட்ஸும் 1945-இல் சொன்னது. ஃபுளோரைடு போய் அலுமினியத்தைக் கட்டிக்கொள்ள, பாஸ்பேட் வெளியே வருகிறது. கேரளத்து மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது என்பதால் அங்குள்ள கூடங்களிலும் பிரேதான் வழக்கம்.

பிரேயைக் கரிசலில் போட்டால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. 50 மி.லி. பிரே கரைசலில் உள்ள மொத்த அமிலம் 1.25 மில்லி ஈக்விவலன்ட். அதைத் தின்றுதீர்க்க 62.5 மில்லிகிராம் சுண்ணாம்பு போதும். 5 கிராம் மண்ணில் அது வெறும் 1.25 சதவீதம். சுக்கான் கலந்த கரிசலில் அதைவிடப் பல மடங்கு சுண்ணாம்பு இருக்கும். குலுக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் அமிலம் காலி. அப்புறம் வரும் எண் மண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்த்தால் 'குறைவு' என்று வரும், விவசாயி தேவையில்லாமல் டி.ஏ.பி. என்னும் மணிச்சத்து உரத்தை வாங்குவார்.

தஞ்சை வண்டலுக்கும், பி.எச். 6.5-க்கு மேல் உள்ள செவலுக்கும் ஓல்சனே பொருந்தும். 6-க்குக் கீழே பிரே. இடையில் உள்ள மண்ணுக்கு இரண்டுமே ஓடும். எந்த முறையை வைத்து உங்கள் கூடத்தின் உர அட்டவணை போடப்பட்டதோ அதையே செய்யுங்கள். ஓல்சன் அமில மண்ணிலும் ஓரளவு பேசும், பிரே சுண்ணாம்பு மண்ணில் பேசவே பேசாது. சந்தேகம் என்றால் ஓல்சன் பக்கம் சாய்வதுதான் என் வழக்கம். 1984-இல் வந்த மெஹ்லிக்-3 என்று ஒரு முறையும் உண்டு. ஒரே சாற்றில் பல சத்துகளைப் பார்க்கலாம், ஆனால் அதன் முழுப் பயன் கிடைப்பது விலைகூடிய கருவி இருக்கும் இடத்தில்தான். புதியவர்கள் முதலில் இந்த இரண்டையும் கைக்குள் கொண்டுவந்தால் போதும்.

நெல் வயலைப் பற்றி ஒன்று. தண்ணீர் கட்டிய வயலில் காற்று போகாது. இரும்பு நிலை மாறி, அது பிடித்துவைத்திருந்த மணிச்சத்தில் ஒரு பகுதி விடுபடும். நாம் சோதிப்பதோ உலர்ந்த மண். அதனால் 'குறைவு' என்று வந்த வயலில் நெல் நன்றாகவே விளைவதும் உண்டு. அதே வயலில் பின்னால் உளுந்து போட்டால் குறை தெரியலாம்.

மண் எடுப்பதிலேயே கெடுவது

களத்து வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரப்பு, எருக்குழி, மரநிழல், வாய்க்கால் ஓரம் எல்லாம் தவிர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேல் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்துபோலக் குழி வெட்டி, குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வயலில் குறைந்தது பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும்.

மணிச்சத்துக்கென்றே உள்ள ஆபத்து பை. வீட்டில் கிடக்கும் காலி டி.ஏ.பி. சாக்கில்தான் விவசாயிகள் மண்ணைக் கொண்டுவருவார்கள். சாக்கின் மடிப்பில் நாலு மணி உரம் ஒட்டியிருந்தால் போதும், எண் எங்கோ போய்விடும். அப்படி வந்த மண்ணை நான் வாங்குவதில்லை. சுத்தமான துணிப்பை ஒன்றைக் கொடுத்துத் திரும்ப எடுத்துவரச் சொல்வேன். முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், பரவாயில்லை. அடியுரம் வரிசையில் இட்ட வயலில், வரிசைமேல் குழி வெட்டினாலும் இதே கதைதான்.

மண்ணை நிழலில் உலர்த்துங்கள், அடுப்பில் காயவைக்க வேண்டாம். மரச் சுத்தியால் கட்டியை உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள்.

கரைசல்கள்

ஓல்சன் கரைசலுக்கு 42 கிராம் சோடியம் பைகார்பனேட்டை ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8.5 வந்ததும் லிட்டருக்கு நிரப்புங்கள். இந்தக் கரைசல் காற்றுப் பட்டால் கார்பன் டைஆக்சைடை இழந்து பி.எச். ஏறிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் புட்டியில் இறுக மூடி வையுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பி.எச். பாருங்கள். போன மாதம் செய்ததை அப்படியே எடுத்து ஊற்றுவது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் எனக்கும் இருந்தது.

பிரே கரைசலுக்கு 1.11 கிராம் அம்மோனியம் ஃபுளோரைடை 0.025 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும். புட்டி, புனல், குலுக்கும் டப்பா எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இது நஞ்சு, வாயால் பிப்பெட் இழுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

நிறக் கரைசல் இரண்டு கட்டமாக வரும். 12 கிராம் அம்மோனியம் மாலிப்டேட்டை 250 மி.லி. நீரிலும், 0.2908 கிராம் ஆன்டிமனி பொட்டாசியம் டார்ட்ரேட்டை 100 மி.லி. நீரிலும் தனித்தனியே கரையுங்கள். இரண்டையும் ஒரு லிட்டர் 5 நார்மல் கந்தக அமிலத்தில் சேர்த்து இரண்டு லிட்டருக்கு நிரப்பினால் அது 'அ' கரைசல். கறுப்புப் புட்டியில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நாள்படும். 5 நார்மல் அமிலம் செய்ய லிட்டருக்கு அடர் அமிலம் சுமார் 140 மி.லி. வேண்டும். தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. வேலை செய்யும் நாளன்று காலையில் 200 மி.லி. 'அ' கரைசலில் 1.056 கிராம் அஸ்கார்பிக் அமிலம் கரைத்தால் 'ஆ' கரைசல் தயார். இது ஒரு நாளைக்குத்தான். மீந்ததை மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

பழைய கையேடுகளில் அஸ்கார்பிக் அமிலத்துக்குப் பதில் ஸ்டேனஸ் குளோரைடு இருக்கும். அதில் நிறம் சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கும். கடைசி மாதிரியைப் பார்ப்பதற்குள் முதல் மாதிரி வெளிறிவிடும். மர்ஃபியும் ரைலியும் 1962-இல் இயற்கை நீரில் பாஸ்பேட் அளக்கக் கொண்டுவந்த அஸ்கார்பிக் முறையை, 1965-இல் வாட்டனாபேயும் ஓல்சனும் பைகார்பனேட் சாற்றுக்குப் பொருத்தினார்கள். புதியவர்களின் கைக்கு இதுதான் ஏற்றது. நிறம் மணிக்கணக்கில் நிற்கும்.

ஓல்சன் முறை, படிப்படியாக

1. சலித்த மண்ணில் 2.5 கிராம் நிறுத்து 150 மி.லி. குடுவையில் போடுங்கள். ஒரு குடுவையில் மண் போடாதீர்கள், அது பிளாங்க். இன்னொன்றில் உங்கள் கூடத்தில் மூட்டையாகச் சேமித்து வைத்த, எண் தெரிந்த மண்ணைப் போடுங்கள்.

2. பாஸ்பேட் இல்லாத கரித்தூள் அரைத் தேக்கரண்டி, 50 மி.லி. ஓல்சன் கரைசல். காரக் கரைசல் மண்ணின் மக்கையும் கரைத்துச் சாற்றைப் பழுப்பாக்கும். கரித்தூள் அதை உறிஞ்சிவிடும். கரித்தூளிலேயே பாஸ்பேட் இருக்கக்கூடும். புதுப் புட்டி திறந்தால் முதலில் அதை மட்டும் வைத்து ஒரு பிளாங்க் ஓட்டிப் பாருங்கள்.

3. ஷேக்கரில் 30 நிமிடம். நாற்பது மாதிரியை ஒன்றாக ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக வடிகட்டினால், கடைசிக் குடுவைக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பத்துப் பத்தாக ஏற்றுங்கள். அறையின் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

4. உடனே வடிதாளில் வடிகட்டுங்கள். சாறு கலங்கலாக இருந்தால் அதே தாளில் மறுபடி ஊற்றுங்கள்.

5. 5 மி.லி. சாற்றை 25 மி.லி. அளவுக் குடுவையில் எடுத்து, ஒரு சொட்டு பாரா நைட்ரோஃபீனால் விடுங்கள். மஞ்சளாகும். 5 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு மஞ்சள் மறைந்ததும் நிறுத்துங்கள். சுமார் அரை மி.லி. பிடிக்கும். பைகார்பனேட் பொங்கும், அவசரப்பட்டால் குடுவையின் கழுத்து வழியாக வெளியே வந்துவிடும், சத்தும் அதோடு போகும். குடுவையைச் சுழற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, அடுத்த சொட்டு.

6. கழுத்தை நீரால் கழுவி இறக்கி, 4 மி.லி. 'ஆ' கரைசல் சேர்த்து, 25 மி.லி. கோடு வரை நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். வானநீலம் எழும்.

7. நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை 882 நானோமீட்டரில் வைத்து, பிளாங்கால் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அளவுகோலுக்கான ஸ்டாண்டர்டு இல்லாமல் இந்த எண்களுக்குப் பொருள் இல்லை. 0.2195 கிராம் உலர்ந்த பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு). அதில் 10 மி.லி.யை 250-க்கு நீர்த்தால் 2 பி.பி.எம். இதிலிருந்து 0, 1, 2, 3, 4, 5, 10 மி.லி. என 25 மி.லி. குடுவைகளில் எடுத்தால், நிரப்பிய பின் 0 முதல் 0.8 பி.பி.எம். வரை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 5 மி.லி. ஓல்சன் கரைசலைச் சேர்த்து அமிலமும் விட மறக்காதீர்கள். மாதிரி எந்தச் சூழலில் நிறம் காட்டுகிறதோ அதே சூழலில்தான் ஸ்டாண்டர்டும் நிறம் காட்ட வேண்டும். ஸ்டாண்டர்டுகளின் அளவுகளை வரைபடமாக்கும்போது புள்ளிகள் நேர்கோட்டில் அமையாவிட்டால் மாதிரியைத் தொடாதீர்கள்.

மாதிரியின் நீலம் கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டினால், நீலக் கரைசலில் தண்ணீர் ஊற்றி நீர்க்கப் பார்ப்பார்கள். அது தவறு. சாற்றில் 2 மி.லி., வெறும் ஓல்சன் கரைசலில் 3 மி.லி. என்று எடுத்து, அமிலக் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

பிரேயில் மாறுவது

மண் 5 கிராம், கரைசல் 50 மி.லி., குலுக்கல் ஐந்தே நிமிடம். நேரம் குறைவு என்பதால் ஒரு நிமிடப் பிசகும் பெரிய பிசகு. கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். சாறு ஏற்கெனவே அமிலம், எனவே ஐந்தாம் படியின் கந்தக அமிலம் வேண்டாம். அதற்குப் பதில் 5 மி.லி. சாற்றோடு, லிட்டருக்கு 50 கிராம் போரிக் அமிலம் கரைத்த கரைசலில் 7.5 மி.லி. சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபுளோரைடு நிறம் எழும்புவதைக் கெடுக்கும். ஸ்டாண்டர்டுகளிலும் பிரே கரைசலும் போரிக்கும் இருக்க வேண்டும். 10 மி.லி. ஸ்டாண்டர்டு மட்டும் இவற்றோடு 25 மி.லி. குடுவையில் அடங்காது, அதை விட்டுவிடுங்கள். மற்றவை அதேதான்.

கணக்கு

ஓல்சனில், வரைபடத்திலிருந்து 0.06 பி.பி.எம். கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி. சாறு 25 ஆனது, அது 5 மடங்கு. 2.5 கிராம் மண்ணுக்கு 50 மி.லி., அது 20 மடங்கு. ஆக நூறால் பெருக்கினால் மண்ணில் 6 பி.பி.எம். பிரேயில் இதே பெருக்கம் 50.

எக்டேருக்கு மாற்ற 2.24-ஆல் பெருக்குங்கள், 15 செ.மீ. மேல்மண்ணின் எடை எக்டேருக்கு 22.4 லட்சம் கிலோ என்று எடுத்துக்கொள்வதிலிருந்து வருவது அது. 6 பி.பி.எம். என்றால் 13.4 கிலோ. தமிழ்நாட்டு வழக்கப்படி ஓல்சன் எண் எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 11 முதல் 22 வரை மத்திமம், அதற்கு மேல் அதிகம். நம் மாதிரி மத்திமம். மத்திமத்துக்குப் பொதுப் பரிந்துரை அப்படியே. குறைவு என்றால் கால் பங்கு கூட்டியும், அதிகம் என்றால் கால் பங்கு குறைத்தும் சொல்வது வழக்கம்.

இங்கே பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாம் அளந்தது தனிப் பாஸ்பரஸ். உர மூட்டையில் அச்சிட்டிருப்பது பாஸ்பரஸ் பென்டாக்சைடு. முன்னதை 2.29-ஆல் பெருக்கினால் பின்னது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ பென்டாக்சைடு. தனிப் பாஸ்பரஸாக அது 10 கிலோதான். அந்தப் பத்துக் கிலோவும் அடுத்த பரிசோதனையில் அப்படியே கூடித் தெரியாது. பாதிக்கு மேல் மறுபடி குதிருக்குள் போயிருக்கும்.

எண் உளறும்போது

நான் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க எல்லா ஊர் மண்ணும் 'அதிகம்' என்றே வந்தது. மானாவாரிச் சோளக் கொல்லை, உரமே காணாத மேய்ச்சல் தரை, எல்லாம். பெருமையோடு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மூத்தவர் ஒருவர் பிளாங்கைக் கேட்டார். நான் பிளாங்கை வைத்துப் பூஜ்யம் ஆக்கியிருந்தேனே தவிர, அது நீலமாக இருப்பதைக் கவனிக்கவில்லை. கண்ணாடிகளைக் கழுவியது கடையில் வாங்கிய சோப்புத்தூளில். சில சோப்புத்தூள்களில் பாஸ்பேட் உண்டு. குடுவைக்குக் குடுவை ஒட்டியிருந்த அளவு வேறு என்பதால், பிளாங்கைக் கழித்தும் சரியாகவில்லை. அன்றிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுவதுதான். பிளாங்கைப் பூஜ்யமாக்கும் முன் வெறும் நீரை வைத்து அதன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை இன்னொரு திருடன். 20 முதல் 30 டிகிரிக்குள், ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஓல்சன் சாற்றில் சுமார் 0.43 பி.பி.எம். கூடுதலாக வரும் என்று அந்த முறையை வகுத்தவர்களே கண்டிருக்கிறார்கள். மார்கழிக் காலையில் 22 டிகிரியில் செய்ததையும் பங்குனியில் 30 டிகிரியில் செய்ததையும் ஒப்பிட்டால், எக்டேருக்கு ஏறக்குறைய 7.7 கிலோ வித்தியாசம். 'குறைவு' என்ற மண் கையைக் காலை ஆட்டாமல் 'மத்திமம்' ஆகிவிடும். ஏ.சி. இருந்தால் 25-இல் வையுங்கள். இல்லாவிட்டால் எண் தெரிந்த அந்த மண்ணை ஒவ்வொரு தடவையும் கூட ஓட்டுங்கள். அது ஏறியிருந்தால் மற்றவையும் ஏறியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

கரைசலில் கலங்கல் தெரிந்தால் அமிலம் விட்டதும் மக்கு திரிந்திருக்கிறது, கரித்தூளைக் கூட்டுங்கள். நீலத்துக்குப் பதில் பச்சை தட்டினால் 'ஆ' கரைசல் பழையதா என்று முதலில் பாருங்கள். நிறமே வராவிட்டால் அமிலம் அளவு மீறியிருக்கலாம்.

அறிக்கையில் எண்ணின் பக்கத்திலேயே முறையின் பெயரை எழுதுங்கள். ஒருமுறை கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் உருளைக்கிழங்கு விவசாயி இரண்டு கூடத்துச் சீட்டுகளோடு வந்தார். ஒரே வயல், எண்கள் மட்டும் வெகுதூரம். "யாரு சார் பொய் சொல்றாங்க?" என்று கேட்டார். விசாரித்தால் ஒன்று பிரே, ஒன்று ஓல்சன். இரண்டு சீட்டிலும் அந்தச் சொல் இல்லை. சோதித்த பிறகு மீந்த மண்ணை அடையாளச் சீட்டோடு ஆறு மாதமாவது வைத்திருங்கள். இப்படி யாராவது வந்து நின்றால், அந்த டப்பாவிலிருந்து 2.5 கிராம் எடுத்து அவர் கண்முன்னே திரும்ப ஓட்டிக் காட்டலாம்.